மெயிலுக்குக் கீழே என் பெயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றிலிருந்து மெயிலுக்குக் கீழே என் பெயர் போகிறது.

பானுரேகா லோகநாதன், சீனியர் எக்ஸிகியூட்டிவ், பையர் கம்யூனிகேஷன். மூன்று வரி. பல விதமான எழுத்துகளில் அடித்துப் பார்த்து, கடைசியில் நீல நிறத்தில் வைத்துக்கொண்டேன்.

பதினோரு வருஷமாக இந்த ஆபீசிலிருந்து இங்கிலீஷில் போகிற ஒவ்வொரு மெயிலையும் எழுதுவது நான்தான். கீழே மட்டும் 'கே. அர்த்தநாரி, புரொப்ரைட்டர்' என்று இருக்கும். அவர் எங்கள் முதலாளி. கரூரில் எனக்குத் தெரிந்த எக்ஸ்போர்ட் ஆபீஸ்களில் எல்லாம் இதுதான் வழக்கம். யார் எழுதினாலும் பெயர் முதலாளியுடையது. சமையலறைத் துண்டு, ஏப்ரன், அடுப்புக் கையுறை என்று நாங்கள் அனுப்பாத நாடு குறைவு. அத்தனை நாட்டிலும் அர்த்தநாரி சாருக்கு நல்ல இங்கிலீஷ்காரர் என்று பெயர். அவருக்கு இங்கிலீஷில் எண்களும் துறைமுகப் பெயர்களும் தெரியும்.

போன வாரம் ஏதோ சர்டிஃபிகேட்டுக்காக ஆடிட் செய்ய வந்தவர், மெயில் எழுதுகிறவர் பெயர் மெயிலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் எனக்கு இந்த மூன்று வரி கிடைத்தது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சென்னியப்பன் அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். ஆடிட்டர் என் மெயில்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது.

வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். "மூணு வரிக்கு அரக் கிலோவா?" என்றார் வீட்டுக்காரர். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் பொருத்துகிறவர். கேலி பேசிக்கொண்டே நாலு துண்டு தின்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

பக்கத்து கம்பெனியிலிருந்து தவறி எங்களுக்கு வந்த ஒரு மெயிலைப் பார்த்தேன். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தார்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளைக்காரன் என்ன நீட்ஃபுல்லைக் கண்டான்? என்ன வேண்டும் என்று சொன்னால்தானே செய்வான்?

நான் எழுதினால் ஒரு தொடர்கூட இடம் மாறி உட்காராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சரக்கு வாங்குகிற பையர் கோபமாக எழுதினால் 'நோட்டட் வித் தேங்க்ஸ்'. பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும். பதில் தெரியாத கேள்விக்கு 'வி ஆர் லுக்கிங் இன்டு இட்'. பதில் தெரிந்தும் சொல்லக் கூடாத கேள்விக்கு 'வில் ரிவெர்ட் ஷார்ட்லி', சீக்கிரமே பதில் சொல்கிறோம் என்று. எல்லாவற்றுக்கும் மேலே 'கூட்ஸ் அண்டர் பேக்கிங்'. சரக்கு பேக்கிங்கில் இருக்கிறது. இந்த ஒரு தொடரை வைத்துக்கொண்டு நான் வாரக் கணக்கில் தாக்குப் பிடித்திருக்கிறேன். "பானு ஒரு மெயில் போட்டாப் போதும், பார்ட்டி நிம்மதியாத் தூங்கிருவான்" என்று முதலாளியே வெளியாட்களிடம் சொல்வார்.

இதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் முதலில் ஒரு பெட்டிக்குப் பூஜை போடுவோம். அந்த ஒரு பெட்டிக்கு வேண்டிய துண்டை மட்டும் முன்னாடியே நெய்து, தைத்து, நல்ல நேரம் பார்த்து உள்ளே அடுக்கி மூடுவோம். சந்தனம், குங்குமம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். பேக்கிங் ஹாலில் பிள்ளையார் படத்துக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கும். மீதிச் சரக்குக்கு நூல்கூட வந்திருக்காது. ஆனால் ஒரு பெட்டி மூடியாகிவிட்டால் பேக்கிங் தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அன்று சாயங்காலமே நான் மெயிலைத் தட்டிவிடுவேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெர்மன் பார்ட்டி கையுறையின் தையல் சரியில்லை என்று காய்ச்சி எடுத்து ஒரு மெயில். 'நோட்டட் வித் தேங்க்ஸ்' போட்டேன். கீழே நீல எழுத்தில் என் பெயர்.

பிறகு தையல் செக்‌ஷன் வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தேன். அங்கே போனதால் விஷயத்தை அவர்களிடம் சொல்லவும் சொன்னேன். ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அதற்காகத்தான் போனேன். சூப்பர்வைசர் பெண் என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஏனுங்க்கா, மெயில்ல வந்தத நீங்க இதுவரைக்கும் வந்து சொன்னதே இல்லீங்களே?" என்றாள். வாய் நீளம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் பதில் போட்டிருக்கிறார். ஒரு பெரிய கடைக் குழுமத்துக்காக நம்மிடம் வாங்குகிறவர். எங்கள் கம்பெனியில் பாதித் தறி அவர் ஆர்டரில்தான் ஓடுகிறது. அளந்து அளந்து எழுதுவார். மூன்று வரிக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை.

என் பெயரில் போன முதல் மெயிலுக்கு அவர் எழுதியிருப்பது: 'வணக்கம் பானுரேகா. உங்களை அறிந்ததில் மகிழ்ச்சி.'

மகிழ்ச்சியாம். பதினோரு வருஷமாக என்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் அம்மா இறந்தபோது ஆறுதல் சொன்னது நான். அதற்கு அவர் 'அன்புள்ள அர்த்தநாரி, உங்கள் வார்த்தைகள் என்னை அழவைத்தன' என்று பதில் போட்டிருந்தார். அன்று முதலாளி குடும்பத்தோடு கொடைக்கானலில் இருந்தார்.

பரவாயில்லை. இனி எல்லாம் என் பெயரில்தானே.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டென்மார்க் ஆர்டருக்கு இன்று பூஜைப் பெட்டி. கிறிஸ்துமஸுக்கான சிவப்புக் கோடு போட்ட துண்டுகளும் ஏப்ரன்களும். செப்டம்பர் எட்டாம் தேதி கன்டெய்னர் ஏற வேண்டும். முதலாளி கற்பூரம் காட்டினார். சுண்டல் நன்றாக இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

சுண்டலைத் தின்றுகொண்டே தறிக்கூடம் பக்கம் போனேன். ஓடிக்கொண்டிருந்த தறிகளில் சிவப்பையே காணோம். வெள்ளை வெளேரென்று ஏதோ ஓடுகிறது. சென்னியப்பன் அண்ணனிடம் கேட்டேன்.

"பாம்பே ஓட்டல்காரங்க நாப்கினு அம்மிணி. அவசரம்னாங்களாம். மொதலாளி வாங்கிப் போட்டுட்டாரு."

"அப்ப டென்மார்க்குங்ணா?"

"ரெண்டையும் ஓட்டிரலாம்னாரு. எப்படி ஓட்டறதுன்னு எனக்குத் தெரீல. அவருக்கும் தெரியாது. நீ ஒரு மெயில் போட்டுச் சமாளிச்சுக்குவேன்னு சொன்னாரு."

என் மேல் அவருக்கு இவ்வளவு நம்பிக்கை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வழக்கமான மெயிலை அடிக்க உட்கார்ந்தேன். கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை பாதி வெடித்துப் பூரணம் வெளியே வந்துவிட்டது. வெடித்ததை எல்லாம் நானே தின்றுவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கிர்ஸ்டனிடமிருந்து மெயில். மூன்று வரிக்காரர் இன்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். சாராம்சம் இதுதான்.

நவம்பரில் அவர்கள் கடைகள் எல்லாவற்றிலும் முன்கண்ணாடிக்குள் நம் துண்டையும் ஏப்ரனையும் வைத்துத்தான் கிறிஸ்துமஸ் அலங்காரம். அதை முடிவு செய்தது அவர். சரக்கு எட்டாம் தேதி ஏறாவிட்டால் இப்போதே சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை வரைக்கும் அவரால் வேறு பொருளுக்கு மாற்ற முடியும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அத்தனை கடையிலும் கண்ணாடி காலியாக நிற்கும், பதில் சொல்ல வேண்டியது அவர். 'அதனால் தயவுசெய்து நேராகச் சொல்லுங்கள் பானுரேகா. சரக்கு தயாரா?'

என் பெயரைப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

நெட் சரியில்லை. பதில் போட முடியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

நெட் இன்றும் சரியில்லை. ஜெர்மனிக்கும் ஹாலந்துக்கும் மற்ற பார்ட்டிகளுக்கும் ஒரு கட்டு மெயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 3, புதன்

முதலாளி கூப்பிட்டார். உள்ளே போனதும், "டென்மார்க்கம்மாளுக்குப் பதில் போட்டியா?" என்றார்.

"இல்லீங் சார். சரக்கு தயாரான்னு நேராக் கேக்கறாங்க."

"பேக்கிங்ல இருக்குதுன்னு போடு. கப்பல்ல எடம் கெடைக்கலீன்னு பொறவு ஒண்ணு போட்டுக்கலாம். இதெல்லாம் உனக்கு நான் சொல்லிக் குடுக்கோணுமா?"

எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லைதான். இருந்தாலும் நாக்கு புரண்டது. "சார், அது என்ற பேர்ல போகுதுங்களே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, அதுதானா? அப்ப என்ற பேருல போடு. போன மாசம் வரைக்கும் அப்படித்தான போச்சு? என்ற பேருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டார். நானும் சரியென்று வந்து உட்கார்ந்தேன். மெயிலை அடித்தேன். என் நீல வரிகளை எடுத்துவிட்டுக் கீழே 'கே. அர்த்தநாரி' என்று போட்டேன். அப்படியே வைத்துவிட்டு பேக்கிங் ஹாலுக்குப் போனேன். பெரிய ஹால், மேஜைகள் எல்லாம் காலி. பிள்ளையாருக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி. எலுமிச்சம்பழம் சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது. கடைக் கண்ணாடி ஒன்றுக்கு ஒரு துண்டு என்று வைத்தால்கூட அந்தப் பெட்டி காணாது. அங்கேயே ஒரு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அதிகம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்ற பேரு போவுலீல்ல? அப்புறமென்ன வெசனம்?" என்றார்.

எனக்குக் கவலை என்று யார் சொன்னது? கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பழைய ரசத்தையே சூடு பண்ணி ஊற்றினேன்.

மெயில் இன்னும் போகவில்லை. நாளை வியாழன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

காலையில் மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனேன். சென்னியப்பன் அண்ணனும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பியாச்சா?" என்றார் முதலாளி.

"அதுக்கு முன்னால ஒருக்கா படிச்சுக் காட்டீர்றனுங் சார்."

"எனக்கெதுக்கு? என்னிக்குப் படிச்சுக் காட்டீருக்கற?"

"உங்க பேர்ல போறதுங்களே. தமிழ்லயே சொல்றனுங்."

அவர் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மெயிலில் என்ன இருந்ததோ அதைத்தான் தமிழில் சொன்னேன்.

"அன்புள்ள கிர்ஸ்டன் அவர்களுக்கு, அர்த்தநாரி எழுதுகிறேன். உங்கள் சரக்கு பெட்டிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. எட்டாம் தேதி கன்டெய்னர் புறப்படும். இதற்கு நான் உறுதி சொல்கிறேன். நீங்கள் கவலைப்படாமல் உங்கள் வேலையைப் பார்க்கலாம்."

"நிறுத்து" என்றார். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நேத்துச் சொன்னீங்களே சார். பேக்கிங்ல இருக்குதுன்னு போடுன்னு."

"அது இங்கிலீஷுல மெயிலு போடறது. இது என்னமோ நானே அந்தம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்ற மாதிரியில்ல இருக்குது?"

"அந்தம்மாளுக்கு அப்படித்தானுங் சார் இருக்கும்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அர்த்தநாரி சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூல் கடைக்காரர்களிடமும் சாயப் பட்டறைக்காரர்களிடமும் அவர் பேச்சுக்கு எழுத்தே தேவையில்லை. 'அர்த்தநாரி சொல்லீட்டாரா? அப்ப சரி' என்று லாரியை அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தறிக்காரரிடம் வாயால் சொன்ன ஒரு தேதிக்காகத் தன் மகளின் நிச்சயதார்த்தத்தன்று பாதியில் எழுந்து வந்தவர் அவர். அந்த மனுஷன் பதினோரு வருஷமாகத் தன் பெயரில் போனதை இன்றுதான் காதால் கேட்கிறார்.

"இத்தன வருசமா இதத்தான் எழுதிட்டு இருந்தியா?" என்றார்.

"நீங்கதானுங் சார் எழுதச் சொன்னீங்க."

நான் சொன்னது சரிதானே? இதில் என் மேல் ஒரு தவறும் கிடையாது. ஆனாலும் அதைச் சொல்லும்போது என் குரல் ஏன் இறங்கியது என்று தெரியவில்லை.

அவர் எழுந்து தறிக்கூடத்துக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். "ஏப்பா சென்னியப்பா! மழுப்பாமச் சொல்லு! டென்மார்க்குச் சரக்கு எப்ப முடியும்?" என்று கத்தினார்.

"ஓட்டல் நாப்கின எறக்கி வெளியாளுங்க தறிக்கு வுட்டா, இருபத்தாறுங்!"

"வுட்டுரு!"

ரூமுக்குத் திரும்பி வந்து, முதலாளி தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். சரக்கு தயாரில்லை. ஒரு பெட்டிதான் மூடியிருக்கிறது. உங்கள் தறியை வேறு ஆர்டருக்குக் கொடுத்தது எங்கள் தவறு. இருபத்தாறாம் தேதி கன்டெய்னர் ஏறும். அவ்வளவுதான். 'ரிக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்' என்று சேர்க்கலாமா என்று என் கை பரபரத்தது. சேர்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தொடருக்கும் அதில் வேலை இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.

"கீழ என்ற பேரப் போடு" என்றார்.

"இல்லீங் சார். எழுதறவங்க பேருதான் இருக்கோணும்னு ஆடிட்டரு சொல்லீருக்கறாரு."

"நேத்து உன்ற பேரு வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"நேத்து போட வேண்டியது வேறங்."

"தறிய மாத்துனது நானு. தேதி குடுக்கறதும் நானு. அது தவறிப் போனா அந்தம்மா என்னயத்தான கேக்கோணும்? உன்னயவா கேக்கும்?"

"பதினோரு வருசத்துல மொத மொதலா இன்னிக்குத்தான் ஒரு நல்ல மெயில் எழுதீருக்கறனுங். இதுக்கும் உங்க பேருதானா?"

வாய் தவறி வந்துவிட்டது. நல்ல என்று சொல்ல நான் நினைக்கவில்லை, நீளமான என்றோ என்னவோ சொல்ல வந்தேன். சென்னியப்பன் அண்ணன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று எனக்கு வேண்டாமலிருந்த இடத்துக்கு இன்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம்.

கடைசியில் அவர்தான், "சரி, ரெண்டு பேரையும் போட்டுத் தொலை" என்றார். மேலே அவர் பெயர், கீழே நான். அனுப்பிவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கிர்ஸ்டன் பதில். ஏப்ரன் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். அதை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறாராம். துண்டு மட்டும் இருக்கட்டும், டிசம்பர் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்கிறார். முதலாளிக்கு முகமே இல்லை. கதவை அறைந்து சாத்தினார்.

அது போகட்டும். அதற்குக் கீழே கிர்ஸ்டன் எனக்கென்று எழுதியிருந்ததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

'ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். பேக்கிங்கில் இருக்கிறது என்று உங்களிடமிருந்து வந்தால் நான் எப்போதும் மூன்று வாரம் சேர்த்துக்கொள்வேன். என் ஆபீசில் அதற்குக் கரூர் மூன்று வாரம் என்றே பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம். இந்த வருஷம் அலங்காரம் இருந்ததால் மூன்று வாரத்துக்கு இடமில்லை, அதனால்தான் நேராகக் கேட்டேன். இப்போது இருபத்தாறு என்கிறீர்கள். இதற்கும் சேர்க்க வேண்டுமா?'

படித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். மறுபடி வந்து படித்தேன். அப்படியேதான் இருந்தது.

நான் மெயில் போட்டால் பார்ட்டி தூங்கிவிடுவானாம். அவர்கள் தூங்கவே இல்லை. என் ஒவ்வொரு வரியையும் காலண்டரில் திருத்தி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். புது ஆளுக்கு என் இங்கிலீஷைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. கரூர் மூன்று வாரமாம். ஊர்ப் பெயரை அல்லவா சேர்த்து இழுத்துவிட்டேன்.

முதலாளியைக் கேட்கவில்லை. சென்னியப்பன் அண்ணனைக் கேட்கவில்லை. 'சேர்க்க வேண்டாம்' என்று மட்டும் பதில் போட்டேன். கீழே என் பெயர், என் பெயர் மட்டும்.

செப்டம்பர் 10, புதன்

முதலாளி இன்னும் என்னிடம் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சென்னியப்பன் அண்ணனிடம் சொல்லி அனுப்புகிறார், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும். ஆனால் சொன்னபடி வெள்ளை முழுவதும் இறங்கிவிட்டது. எல்லாத் தறியிலும் சிவப்புக் கோடு ஓடுகிறது.

நான் தினமும் மத்தியானம் தறிக்கூடத்துக்குப் போகிறேன். "எங்கள நம்பாம வேவு பாக்க வர்றியா அம்மிணி?" என்றார் அண்ணன். ஆமாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 17, புதன்

தையல் செக்‌ஷனில் இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல். லேபிள் வைக்க ஆளில்லை. நானே உட்கார்ந்து வைத்தேன். விரலில் ஊசி ஏறிவிட்டது. சாயங்காலம் மெயில் அடிக்கும்போது வலித்தது. வீட்டுக்காரர் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, அவரே தோசை சுட்டார். முதல் தோசை கல்லோடு போயிற்று. மற்றதெல்லாம் நன்றாகவே வந்தது.

செப்டம்பர் 24, புதன்

முதலாளி இன்று பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"பானு, இன்னும் நெறைய கெடக்குது. இருபத்தேழுன்னு ஒரு மெயில் போட்டுரு. ஒரு நாள்தான? சொல்லீட்டுத்தான செய்யறம்?"

"சேத்த வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்துட்டனுங் சார்."

"என்னத்தச் சேத்த வேண்டாம்னு?"

அப்போதுதான் அவருக்கு அந்த மெயிலையும் தமிழில் சொன்னேன். கரூர் மூன்று வாரம் வரைக்கும் எல்லாவற்றையும். அவர் முகம் சிவந்துவிட்டது. "கரூர்னே சொல்றாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அந்த ஊரு ஆபீசுல நம்ம ஊரு பேரச் சொல்லிச் சிரிக்கறாங்களா?"

"ஆமாங் சார்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேக்கிங் ஹாலுக்குப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். ஒட்டியது கோணல். பேக்கிங் பெண்கள் அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஏறிவிட்டது!

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பெட்டியும் கன்டெய்னருக்குள் போனது. பூஜைப் பெட்டியைக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு நடுவில் வைத்தார்கள். டிரைவர் கதவைச் சாத்தி சீல் வைத்தார். லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பி, கேட் தாண்டி வளைகிற வரைக்கும் எல்லாரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் நின்றார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹார்ன் அடித்தும் நகரவில்லை. சென்னியப்பன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "மெயிலு போடு அம்மிணி, போ" என்றார். அவர் குரலில் கேலியே இல்லை.

கன்டெய்னர் எண்ணைப் போட்டு, 'இன்று புறப்பட்டது' என்று எழுதினேன். எத்தனையோ மெயில் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் அனுப்பிய பிறகும் திறந்து மறுபடி மறுபடி படித்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை இங்கே எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கிர்ஸ்டன் பதில் போட்டிருக்கிறார். பழையபடி மூன்று வரி. அப்படியே முதலாளி ரூமுக்கு எடுத்துப் போய்த் தமிழில் சொன்னேன்.

'நன்றி பானுரேகா. உண்மையைச் சொன்னால், நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் நான் ஒரு வாரம் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். வசந்த கால ஆர்டர் அனுப்புகிறேன், ஏப்ரனும் உண்டு, எப்போது முடியும் என்று சொல்லுங்கள்.'

ஏப்ரன் என்றதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அது அவர் காதிலேயே விழவில்லை.

"ஒரு வாரமா?" என்றார். "நாம அத்தன சொல்லியும் ஒரு வாரம் சேத்தி வெச்சுச்சா அந்தம்மா?"

"மூணு வாரத்துலருந்து ஒண்ணுக்கு எறங்கீருக்குதுங் சார்."

"அந்த ஒண்ணையும் எடுத்துரச் சொல்லு."

"ஆர்டருக்கு நூல் இன்னும் சொல்லவே இல்லீங்களே சார். என்ன தேதின்னு எழுதட்டும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நூலு வருலீன்னே எழுது" என்றார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். ஆர்டருக்கு நன்றி. நூல் இன்னும் வரவில்லை. வந்து சேர்ந்ததும் தேதி சொல்கிறோம். அந்தத் தேதியோடு நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம், ஒரு நாளைக்கூட.